புதிதாகச் சேர்ந்தவை

தங்கக்கம்பியின் வீட்டில் குளியலறையில்கூடப் பாட்டு கேட்கும். ஹாலில் இரண்டு ஸ்பீக்கர், சமையலறையில் பிரிட்ஜ் மேல் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, குளியலறையில் ஈரத்துக்கு அஞ்சாத ரகம் ஒன்று. பாட்டுக்கென்று ஒரு ஒயர் கிடையாது. வாசலருகே செருப்பு அலமாரிக்கு மேலே டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. இருபது வருஷமாக அவன் சேர்த்துவைத்த நாலாயிரத்துச் சொச்சம் பாட்டும் அதற்குள்தான். கைபேசியில் விரலை வைத்தால் போதும், வைஃபை வழியாக எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில் பாட்டு போய்ச் சேர்ந்துவிடும்.

தங்கக்கம்பி என்பது அந்தக் குடியிருப்பு அவனுக்கு வைத்த பெயர். லிஃப்ட் பரிசோதிக்கிற வேலை. யார் வீட்டில் எது பழுதானாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவான். அவன் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அது உண்மைதான். மனைவியை அடிக்கும்போதும் அவன் குரலை உயர்த்துவதில்லை. கதவைத் தாழிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசுவான். பேச்சுக்கு நடுவில்தான் அடி விழும். இப்பேர்ப்பட்ட மனுஷனைப் பற்றி வெளியே போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அதனால்தான் அவள் பதிவு செய்தாள். போன செவ்வாய்க்கிழமை, தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதுமே, சோபா மெத்தைக்கு அடியில் கைபேசியைச் செருகிவிட்டாள். நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி. எடுத்தாயிற்று, சரி, எங்கே வைப்பது? தினமும் சாயங்காலம் அவள் கைபேசியை அவன் வாங்கி, அழித்தது முதற்கொண்டு அத்தனையும் துருவிப் பார்ப்பான். வக்கீலம்மாவைப் பார்க்கத் திங்கட்கிழமைதான் நேரம் கிடைத்திருந்தது. அதுவரைக்கும் நாலாயிரம் பாட்டோடு ஒன்றாகக் கிடக்கட்டும் என்று, மறுநாள் அவன் குளிக்கும்போது அந்தக் கறுப்புப் பெட்டிக்கே அனுப்பிவிட்டாள். ‘வயலின் இசை 3’ என்று பெயரும் வைத்தாள். கைபேசியில் தடம் தெரியாமல் துடைத்தாள். திங்கள் காலை அவன் வேலைக்குக் கிளம்பியதும் திரும்ப எடுத்துக்கொண்டால் ஆயிற்று.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அவள். மயிரிழைக் கீறலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அந்தப் பெட்டி சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. உள்ளே புதிதாக எது வந்தாலும் மோப்பம் பிடித்து, ‘புதிதாகச் சேர்ந்தவை’ என்று ஒரு பட்டியலில் தானாகவே ஏற்றிவைத்துவிடும்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நாத்தனார் வந்தாள். அவனுக்கு மூத்தவள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஹாரன் தேவைப்படாத குரல்.

“உக்காருக்கா, புதுசா பாட்டு ஏத்தியிருக்கேன். நேத்து நாலு, போன வாரம் ஏழு. நீ கேட்டே ஆகணும்,” என்று தங்கக்கம்பி கைபேசியை எடுத்தான். பெருமை பேச ஆள் கிடைத்துவிட்டால் அவனுக்குத் தலைகால் புரியாது. பட்டியலைத் திறந்தவன் புருவத்தைச் சுருக்கினான். “பன்னெண்டுன்னு காட்டுது. பதினொண்ணுதானே?”

தேநீர்த் தட்டோடு வந்தவள் குனிந்து பார்த்தாள். நாலு பாட்டு. அதற்குக் கீழே ஐந்தாவதாக, வயலின் இசை 3. கோப்பையை எடுத்து நாத்தனாரின் கையில் கொடுத்தாள்.

“எண்ணிட்டு இருக்காம போடுடா!” என்றாள் நாத்தனார்.

முதல் பாட்டு தொடங்கியது. “எந்திரிச்சு நடந்து பாருக்கா, எந்த ரூமுக்குப் போனாலும் பாட்டு கூடவே வரும்.” நாத்தனார் கோப்பையும் கையுமாக அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். “அடேய், பாத்ரூம்லயும் பாடுதுடா!” என்று உள்ளேயிருந்து சிரித்தாள். நாலு பாட்டு என்றால் கால் மணி நேரம். வீட்டைவிட்டு ஓடிவிடலாம், ஆனால் ஓடினால் அவன் அதைத் தனியாக உட்கார்ந்து கேட்பான். இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். எது மேல் என்று அவளுக்கு யோசிக்கவே முடியவில்லை.

இரண்டாவது பாட்டில் சமையலறைக்குப் போய் பிரிட்ஜ் மேலிருந்த ஸ்பீக்கரை அணைத்தாள். ஒன்றை அணைத்து என்ன பிரயோஜனம், மற்றது நாலும் அலறுமே என்பது அணைத்த பிறகுதான் உறைத்தது. பயத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

“கிச்சன் ஸ்பீக்கர் நின்னுபோச்சே, என்னன்னு பாரும்மா,” என்று ஹாலிலிருந்து தேனாகக் குரல் வந்தது. எதை அணைத்தாலும் அவன் கைபேசி காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி போட்டாள்.

மூன்றாவதில் தலைவலி என்றாள். “பாவம்டா, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு, நிறுத்தேன்,” என்று நாத்தனார் பரிந்துபேசினாள்.

“நிறுத்துவானேன்? அஞ்சாவது வயலின் வருது, அதைக் கேட்டா தலைவலி பறந்துடும்.” அவன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தான். “நான் வயலின் ஏத்தவே இல்லையே. யார் ஏத்தினதுன்னு தெரியல. கேட்டா தெரிஞ்சிடும்.”

நாலாவது பாட்டு ஆரம்பித்ததும், அவள் செருப்பை அடுக்குகிற சாக்கில் வாசல் பக்கம் போனாள். கறுப்புப் பெட்டியின் பிளக் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. ஒரே இழுப்பு, அவ்வளவுதான். விரல் பிளக்கைத் தொட்டபோது மணிக்கட்டை ஒரு கை வளைத்துப் பிடித்தது.

“என்ன தேடுற?”

காதருகே, பூப்போலக் கேட்டான். அப்படியே நடத்திக்கொண்டு போய் சோபாவில் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தான். மணிக்கட்டை மட்டும் விடவில்லை. பார்க்கிறவர்களுக்கு என்ன அன்னியோன்னியம் என்றுதான் தோன்றும். பாட்டு முடிகிற கட்டத்துக்கு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. நாற்காலி தரையில் இழுபட்டது. ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில், குளியலறையில் மட்டும் கொஞ்சம் எதிரொலியோடு, ஒரு குரல் நிதானமாகப் பேசியது.

“நான் கத்துறேனா? சொல்லு. கத்துறேனா?”

பளீரென்று ஒரு அறை.

“கத்தல இல்ல? அப்புறம் ஏன் அழற?”

நாத்தனார் எழுந்துவிட்டாள். தேநீர் சட்டையில் கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. இடது கை தன்னால் கன்னத்துக்குப் போயிற்று. “அப்பா,” என்றாள். ஹாரன் தேவைப்படாத அந்தக் குரல் குழந்தையின் குரலாகச் சிறுத்துவிட்டது. “அப்பா குரலை ஏன்டா வச்சிருக்க? செத்துப் பதினாலு வருஷமாச்சு. அம்மாவை அடிக்கிறதை யாருடா பதிவு பண்ணினா?”

தங்கக்கம்பி மணிக்கட்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கைபேசியைக் குத்திக்கொண்டிருந்தான். வேர்த்த விரல் வழுக்கியது. ஹாலில் சத்தம் நின்றது. மற்ற மூன்று அறையும் நிற்கவில்லை. அக்கா கேட்டது அவன் மண்டையில் அப்போதுதான் ஏறியது. முகத்தில் பழைய சிரிப்பு திரும்பி வந்தது.

“ஆமாக்கா. அப்பாதான். ஏதோ பழைய கேசட்டுல இருந்தது, கலந்துபோச்சு,” என்றான். பிறகு மனைவியைப் பார்த்தான். “இல்லையாம்மா?”

ஆமாம் என்று தலையாட்டினால் இந்த நிமிஷத்தைத் தாண்டிவிடலாம். நாத்தனார் அழுதுவிட்டு, தேநீர்க் கறையைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு தாழ்ப்பாள் விழும். பெட்டியில் இருப்பதும் அழிந்துபோகும். தலையாட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. செத்த மனுஷன் மேலேயே பழியைப் போட்டுவிட்டு எத்தனை சுலபமாகச் சிரிக்கிறான் என்று மட்டும் தோன்றியது.

“அது மாமா இல்ல, அண்ணி,” என்று எழுந்து நின்றாள். “போன செவ்வாய்க்கிழமை. இந்த ஹால்ல.”

படுக்கையறை ஸ்பீக்கரில் அவள் அழுகிற சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

“நீ உள்ள போ,” என்று அவனும் எழுந்தான். “அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். உள்ள போன்னு சொல்றேன்ல.”

கொஞ்சமும் உயராத குரல். சமையலறை ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்த அதே குரல்தான். நாத்தனார் அந்தப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், தம்பியின் வாயை ஒருதரம் பார்த்தாள். அதற்கு மேல் யாரிடமும் எதையும் கேட்கவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

“அன்னைக்கு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவுல இப்படி வந்து நிக்கல. பத்து வயசு, பயந்துட்டேன்,” என்றாள். “இப்ப அம்பத்திரண்டு. தள்ளுடா.”

அவன் நகரவில்லை. அவள்தான் தோளைக் கொடுத்து அவனைச் சோபாவில் சாய்த்தாள். பின்னால் நின்றவள் நாத்தனாரின் சட்டை முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். மற்ற கையால் கறுப்புப் பெட்டியைப் பிடுங்கி இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி, படி இறங்கி, தெருவுக்கு வந்த பிறகும் அந்தப் பிடியை அவள் விடவில்லை.