வளைவில் நின்ற பலாமரம்

இப்போதெல்லாம் ஆட்கள் சாமியைக் கும்பிடுவதில்லை. சாமிக்கு வக்கீலாக வாதாடுகிறார்கள். சம்பந்தம் பேச வந்த வீட்டில் காப்பி ஆறிப் போகிறது, மாப்பிள்ளையின் சட்டை வேர்வையில் நனைகிறது, இவர்களுக்கு வாய் ஓயவில்லை. ஒச்சப்பன் சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பக்கத்தின் மேலும் அவருக்கு நம்பிக்கையில்லை.

நிச்சயம் அவருடைய பேத்தி சூர்யகலாவுக்கு. பையன் லிங்கேஸ்வரன், போடியிலிருந்து ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டுகிறவன். அவனுடைய அப்பா ஈஸ்வரன் சபையில் சேர்ந்து வெகுநாளாகிறது. பெயரைக் கேட்டால் கோபுரம் தெரியும். வாயைத் திறந்தால் வேதாகமம் வரும். கல்யாணம் சபையில்தான், அதுதான் மெய்யான மார்க்கம் என்றார் அவர். பெண்ணுக்குத் தாய்மாமனான பாண்டியராஜன், ஒச்சப்பனின் மகன், பரமசிவன் கோயிலில்தான் என்றான். ஆதியிலிருந்து இருப்பது எதுவோ அதுதான் சரியான மதமாம்.

பேச்சு சுற்றிச் சுற்றி அந்த ஜீப்பு விபத்தில் வந்து நின்றது. முன்னொரு மழைக்காலத்தில் போடிமெட்டுச் சாலை வளைவில் கூலியாட்களோடு ஒரு ஜீப்பு உருண்டது. ஈஸ்வரன் அதில் இருந்தார். கர்த்தர் கையை நீட்டித் தாங்கினார், அன்றைக்கே மனம் திரும்பினேன் என்றார். வளைவில் காவல் நிற்கும் எங்கள் முனியாண்டி தாங்காவிட்டால் உங்கள் கர்த்தர் வந்து சேர்வதற்குள் ஜீப்பு பள்ளத்தில் கிடந்திருக்கும் என்றான் பாண்டியராஜன். வருஷா வருஷம் முனியாண்டிக்குச் சுருட்டு வாங்கிக் கொடுக்கிறவன். பேச உரிமை உண்டு.

"தாங்குனது பலாமரம்," என்றார் ஒச்சப்பன். "நானும் அந்த ஜீப்புலதான இருந்தேன்."

மரத்தை அங்கே வைத்தது யார் என்று கேட்டார் ஈஸ்வரன். அதையேதான் பாண்டியராஜனும் கேட்டான். அந்த மரத்தைப் பிற்பாடு வெட்டி விறகாக்கியபோது இரண்டு மதத்தாரும் ஆளுக்கொரு கட்டு சுமந்து போனதை ஒச்சப்பன் பார்த்திருக்கிறார்.

"எம் பக்கத்துலதான் எம் மருமகன் முத்துக்கண்ணன் உக்காந்திருந்தான்," என்றார். "அவனை மட்டும் ரெண்டு சாமியும் ஏன் சாக விட்டாங்க?"

சித்தம் என்றார் ஒருவர். விதி என்றான் மற்றவன்.

அந்த நேரம் பார்த்து முத்துக்கண்ணனின் மனைவி, சூர்யகலாவின் அம்மா வீரலட்சுமி வெற்றிலை பாக்கும் பூவும் பழமும் வைத்த தாம்பாளத்தோடு அடுப்படியிலிருந்து வந்தாள். புருஷன் போன பிறகு அதே சாலையில், அதே வளைவு வழியாக ஏலக்காய் எடுக்கப் போய் மகளை நர்சுக்குப் படிக்க வைத்தவள். அவள் பாதித் தூரம் வருமுன் பாண்டியராஜன் எழுந்துவிட்டான்.

"அக்கா, நீ உள்ள இரு. தட்டை எம் வீட்டுக்காரி மாத்தட்டும்."

"அதுதான் முறை," என்றார் ஈஸ்வரன். "எங்க சபையில சகுனம் பாக்குறதில்லதான். இருந்தாலும் நல்ல காரியம் பாருங்க."

காலையிலிருந்து இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

"அடேங்கப்பா," என்றார் ஒச்சப்பன். "ஒரு வழியா சரியான மதம் ஆப்டுருச்சு."

கதவோரம் நின்ற சூர்யகலா, உள்ளே போகாதே என்பதுபோல அம்மாவைப் பார்த்தாள். வீரலட்சுமி தம்பியைத் தாண்டி, சம்பந்தியைத் தாண்டி, நேரே மாப்பிள்ளை முன்னால் போய் நின்றாள்.

"எம் மகளை நாந்தான் தருவேன் மாப்ளே. சம்மதம்னா வாங்கிக்கங்க. இல்லைன்னா காப்பியைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

லிங்கேஸ்வரன் அப்பா பக்கம் திரும்பவில்லை. எழுந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினான்.

"தாலியையும் நீங்கதான் எடுத்துத் தரணும் அத்தே. அதுக்கு எங்க விடுறாங்களோ அங்க கல்யாணத்த வச்சுக்குவோம்."

பிறகு ஈஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கர்த்தர்தான் தன் மகன் மனசைத் தொட்டார் என்றார். அதெப்படி, அக்கா மேல் வந்து நின்றது மாரியாத்தா அல்லவா என்றான் பாண்டியராஜன். வழக்கு மறுபடி தொடங்கிவிட்டது.

ஒச்சப்பன் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தட்டைத் தூக்குனது எம் மக," என்றார். யார் காதிலும் விழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். தெருமுனை வரைக்கும் அந்த இரண்டு குரலும் துரத்திக்கொண்டே வந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.