என் பக்கம்

காரின் பிரேக் பெடல் மறுபடியும் தரை வரைக்கும் போனது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

காலையிலிருந்து இதே கூத்து. முன்சக்கரங்களைக் கவ்விப் பிடித்து நிறுத்தும் பிரேக் காலிப்பர்கள் இரண்டும் துருப்பிடித்து இறுகிப்போனதால், புதிதாக வாங்கி அவளுடைய தம்பி மாட்டியிருந்தான். இனி பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுத்தால் வேலை முடிந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அவன் சக்கரத்தருகே படுத்து, காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். "மிதி" என்றால் மிதித்தாள், "விடு" என்றால் விட்டாள். பிரேக் எண்ணெய் போனதே தவிர, காற்று போன பாடில்லை.

பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார் அவள் கணவர். இன்று மதியம் அவருக்குக் கண் ஆபரேஷன். புரை முற்றியதால் அவர் வண்டி ஓட்டுவதை விட்டு மூன்று வருஷமாகிறது. அதிலிருந்து ஓட்டுவது அவள். இன்னும் தள்ளிப்போட்டால் பார்வை மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. போன முறை சளி என்று சாக்குச் சொல்லித் தப்பித்த மனிதர், இன்று வாடகைக் காரில் போகலாம் என்றதற்கு வாய்கூசாமல் சொன்னார்: "சொந்த வண்டி இருக்கையில எதுக்கு? இது சரியாகட்டும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

அவள் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். தம்பியைத் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தாள். திருகு அடியில் இருந்தது.

"பழசுல இது மேலதானடா இருந்துச்சு? காத்து மேலதானே போகும், கீழ ஓட்டை வெச்சா எப்படி வெளிய வரும்?"

தம்பி எழுந்து மறுபக்கம் போய்ப் பார்த்தான். அங்கேயும் அடியில்தான். இடம் வலம் மாறிப்போயிருந்தது. இடமா வலமா என்று பெட்டியில் இருந்த எழுத்தை மூக்கருகே வைத்துப் படித்து, பெட்டியைக் குப்பையில் போட்டு, காலிப்பரைக் கையில் எடுத்துக் கொடுத்தது யார் என்று இருவரும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் சரியாத்தானே சொன்னேன்" என்றார் அவர். "இது என் பக்கம்னு."

"அதான் மாமா, உங்க பக்கம் மாட்டினேன்" என்று பக்கத்து சீட்டைக் காட்டினான் தம்பி.

"என் பக்கம்னா ஸ்டியரிங் பக்கம்டா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது. மழையிலும் வெயிலிலும் மூன்று வருஷம் ஓட்டியவள் இவள். ஓட்டுகிற சீட் மட்டும் இன்னும் அவர் பேரில். நறுக்கென்று கேட்க வாய் வரை வந்தது. அவர் தலை குனிந்திருப்பதைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

தம்பி முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினான். இந்த முறை குமிழி குமிழியாகக் காற்று வந்தது, பெடல் கல்லாக நின்றது. தெருவில் ஒரு சுற்று ஓட்டி, நிறுத்திப் பார்த்துவிட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்தான். நேரம் இன்னும் இருந்தது. சாக்குதான் தீர்ந்துபோயிருந்தது.

அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார, அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "பயமா இருக்கு" என்றார். பிறகு மெல்ல, "கண்ணு தெரிஞ்சாலும் அது உன் பக்கமாவே இருக்கட்டும்" என்றார்.

"அதை நான் பாத்துக்கறேன். முதல்ல பெல்ட்டைப் போடுங்க."

அவர் கை, வண்டி ஓட்டிய காலத்துப் பழக்கத்தில், தப்பான தோளுக்குப் போய்த் துழாவியது. அவள் எட்டி, மறு தோளிலிருந்து பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள்.