ஜன்னல் பக்கக் கட்டில்

முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு ஜன்னல் என்பது மூடி வைக்கிற சாமான். இரவு ட்யூட்டி முடிந்து வந்து பகலில் தூங்க வேண்டும், டெல்லி வெயில் கண்ணில் குத்தக் கூடாது, அதற்காகக் கறுப்புப் படுதா கட்டியே என் வயது போய்விட்டது. ரிடையர் ஆன மறுநாள் படுதாவை அவிழ்த்தேன். கரோல் பாகில் இரண்டாம் மாடி வாடகை வீடு. ஜன்னலுக்கு நேரே எதிர்வீட்டு ஏ.சி.யின் முதுகு, துருப்பிடித்து, என் மூஞ்சியில் வெந்த காற்றை ஊதிக்கொண்டிருந்தது. இதற்கா அவிழ்த்தேன் என்று மறுபடியும் கட்டிவிட்டேன்.

அதனால்தான், 2006 மே மாதம் என் தம்பி சத்தியசீலன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"அக்கா, அக்டோபர்ல நாங்க கப்பல்ல போறோம். சிங்கப்பூர்லருந்து சிட்னி, பதினாறு நாளு. நீயும் வா. ஒனக்குன்னு ஒரு கேபின் போடுதேன், நீயே பாத்து எடுத்துக்கோ."

"ஜன்னல் இருக்குமாலே?"

"இருக்கும்க்கா. படுத்துக்கிட்டே கடலப் பாக்கலாம்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அவன் என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். அம்மா போனபின் பாளையங்கோட்டையிலிருந்து அவனை டெல்லிக்குக் கூட்டி வந்து, மந்திர் மார்க் பள்ளியில் சேர்த்து, இன்ஜினியர் ஆக்கி, கல்யாணமும் கட்டி வைத்தேன். நடுவில் எனக்குக் கல்யாணம் என்ற பேச்சு வந்தது, போயிற்று. செய்ததைச் சொல்லிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. இப்போது சொல்கிறேன் என்றால், சொல்லாமல் இருந்து கண்ட பலன் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

புசா ரோடில், மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஒரு டிராவல் கடை. அங்கே சுஷ்மா என்று ஒரு பஞ்சாபிப் பெண். நல்ல பெண். என் தம்பி அவளுக்கு மெயில் போட்டிருந்தான். கப்பலின் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வரைபடம் என்று பத்துப் பன்னிரண்டு தாளை என் முன்னால் விரித்தாள். தனி ஆளுக்கென்று கேபின் கிடையாது, எல்லாவற்றிலும் இரண்டு கட்டில்தான் என்றாள். பரவாயில்லை, ஒன்றில் நான் படுப்பேன், ஒன்றில் என் பெட்டி படுக்கும் என்றேன். சிரித்தாள்.

வரைபடம் என்றால் எனக்கு வார்டு மாதிரி. கப்பலின் மூக்குப் பக்கம் வேண்டாம், அலையில் தூக்கித் தூக்கிப் போடும். மேல்தளம் வேண்டாம், ஆட்டம் அதிகம். நடன அரங்குக்குக் கீழே வேண்டவே வேண்டாம், விடிய விடிய நாற்காலி இழுப்பார்கள். கப்பலின் நடுவயிற்றில், மூன்றாம் தளத்தில் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி போனில் விசாரித்தான்.

"வாசல்ல படி தட்டக் கூடாதுக்கா. பாத்ரூம் பெருசா இருக்கான்னு பாரு. பிடிச்சுக்கக் கம்பி இருக்கணும். லிப்டுக்கு ரொம்ப நடக்க வச்சிராத."

என் முழங்கால் வலியைப் பற்றி அவனிடம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன். அதை மறக்காமல் மனதில் வைத்திருக்கிறானே என்று உருகிப்போனேன். வலி அவ்வளவு ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவன் அக்கறைக்கு அவமரியாதை என்று நினைத்து, கொஞ்சம் கூட்டியே சொன்னேன். படியில்லாத வாசலும் அகலக் கதவுமாக அந்தத் தளத்தில் இரண்டே கேபின்கள் இருந்தன. அதற்குத் தனியாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றாள் சுஷ்மா. "நான் நிரப்பி அனுப்புதேன், நீ கவலப்படாத" என்றான் தம்பி.

அப்புறம் ஒன்றரை மாதம் நான் கப்பலில்தான் குடியிருந்தேன். கேபினின் நீள அகலத்தைச் சுஷ்மாவிடம் வாங்கி வந்து, என் அறைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். என் அறையைவிடக் கேபின் ஒரு சாண் பெரியது, ஒரு பக்கக் கோடு வாசலுக்கு வெளியே போயிற்று. இங்கே அலமாரி, இங்கே பாத்ரூம் கதவு, இங்கே ஜன்னல். கட்டிலை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டுப் படுத்துப் பார்த்தேன். படுதாவையும் அவிழ்த்துவிட்டேன். ஏ.சி.யின் முதுகு அப்படியேதான் இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் கடல் இருப்பதாக நினைத்துக்கொள்ள முடிந்தது.

கப்பல் சுவர் இரும்பு, ஆணி அடிக்க முடியாது, காந்தக் கொக்கி கொண்டுபோனால் துண்டும் பையும் மாட்டலாம் என்று சுஷ்மா சொல்லியிருந்தாள். கரோல் பாக் கடைகளில் அலைந்து எட்டுக் கொக்கி வாங்கினேன். உருளாத தம்ளர், மேஜையில் விரிக்க நீலப்பூப் போட்ட துணி, தலைமாட்டில் வைக்கச் சின்ன விளக்கு, என் வேத புத்தகத்துக்கு ஒரு உறை. சர்ச்சில் தமிழ் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். "தம்பின்னா இப்படில்லா இருக்கணும்" என்றார்கள். தலையைத் தலையை ஆட்டினேன்.

ஜூலை மாதம் சுஷ்மா கூப்பிட்டாள். படிவம் பாஸாகி வந்துவிட்டது, ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். போனேன்.

பயணியின் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் இல்லை. என் தம்பி மனைவி மரியாவின் அம்மா பெயர் இருந்தது. போன வருஷம் அந்த அம்மாளுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது, இப்போது நன்றாக நடக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். படிவம் வேறு சொன்னது. இடது பக்கம் செயல் இல்லை. சக்கர நாற்காலி. இரவில் இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதற்குக் கீழே, உடன் வரும் உதவியாளர்: இன்பராணி. அனுபவம்: முப்பத்து நான்கு வருடம். பயணிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் நர்ஸ் என்று எழுதியிருந்தான். சம்பந்தி என்று எழுதியிருக்கலாம். என் அக்கா என்று எழுதியிருக்கலாம். கட்டத்தில் இடம் நிறைய இருந்தது.

"கேபின் அருமையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், ஆன்ட்டி. இந்த மாதிரி நோயாளிக்கு இதைவிட நல்ல கேபின் கப்பலிலேயே கிடையாது" என்று இந்தியில் சொன்னாள் சுஷ்மா. அவள் மேல் தப்பில்லை. எனக்கும் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

என் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் ஒவ்வொரு வாரமும் ஒரு நோயாளிக்கு அறை கேட்டிருக்கிறான். நான் ஒவ்வொரு வாரமும் ஒரு நோயாளிக்கு அறை பார்த்துக் கொடுத்திருக்கிறேன். படி தட்டாத வாசல், கம்பி வைத்த பாத்ரூம் என்று கேட்டவுடன் இது யாருக்கு என்று வார்டில் ட்ரெய்னிங் பெண்கூடக் கேட்டிருக்கும். எனக்கு யாராவது அறை தேடுவார்கள் என்ற நப்பாசை கண்ணை மறைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து போன் செய்தேன்.

"கேபின் எனக்குன்னு சொன்னியேலே."

"ஒனக்குந்தானக்கா. கூட அத்தையும் இருப்பாவ, அவ்வளவுதான். மொதல்லயே சொன்னா வரமாட்டேன்னுருவ."

"காயிதத்துல என்னை நர்ஸ்னு எழுதியிருக்க."

"அப்பிடிப் போட்டாத்தான் ஜல்தி பாஸ் பண்ணுவாங்க. இதெல்லாம் ஒனக்கு ஒரு வேலையாக்கா? எத்தன பேரப் பாத்திருக்க. கண்ண மூடிக்கிட்டுச் செய்வ. மரியா பாவம், வருசம் பூரா ஒத்தைக்குப் பாக்கா. அவளுக்கும் ஓய்வு வேண்டாமா?"

மரியா பாவம்தான். அதில் பொய் இல்லை. அந்த அம்மாளும் பாவம்தான். பாவமில்லாத ஆள் அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

வரமாட்டேன் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. ஜன்னல் விடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஜன்னல் எனக்கு வேண்டும். அதனால் எனக்குத் தெரிந்த நியாயத்தைச் செய்தேன். ஒரு தாளில் கோடு போட்டு, பதினாறு நாளுக்கும் ட்யூட்டி லிஸ்ட் எழுதினேன். காலை மரியா, மாலை சத்தியசீலன், இரவு நான். நாலு நாளைக்கு ஒரு தடவை இரவு மாற்றம். நடுவில் எனக்கு மூன்று நாள் முழு ஓய்வு, அவர்களுக்கும் அதே போல. யாருக்கும் ஒரு ஷிப்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுஷ்மா அதை மெயிலில் அனுப்பி வைத்தாள்.

நாலு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது.

"என்னக்கா இது, குடும்பத்துக்குள்ள ட்யூட்டி லிஸ்ட்டா? மரியா பாத்துட்டு அழுதுட்டா. இது என்ன ஆஸ்பத்திரியா?"

"நர்ஸ்னு எழுதுனது நீதானலே. ட்யூட்டி லிஸ்ட் இல்லாம எந்த நர்ஸும் வேல பாக்க மாட்டா."



"சரிக்கா. நீ செரமப்பட வேண்டாம். வயசும் ஆயிட்டு. வீட்டுல நிம்மதியா இரு."

அதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். கனிவாகச் சொன்னான். இன்றைக்கும் அதுதான் எரிகிறது.

சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு தடவை துடைத்தும் வெள்ளை போகவில்லை. சர்ச்சுக்கு மூன்று வாரம் போகவில்லை.

ஆகஸ்டில் சுஷ்மா வரச் சொன்னாள். தயங்கித் தயங்கித்தான் பேசினாள். அதே கேபின்தான், உதவியாளர் பெயரை மட்டும் மாற்றியாயிற்றாம். சென்னையிலிருந்து ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் பவுனு, இருபத்து மூன்று வயது, நர்சிங் முடித்து இரண்டு வருஷம். கப்பலைக் கண்ணால் கண்டதில்லை, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

"கேபினை எடுத்தது நீங்கள்தானே. உங்களுக்குத்தானே தெரியும், ஆன்ட்டி" என்று சொல்லி விலாசத்தை நீட்டினாள்.

வாங்காமல் வந்திருக்கலாம். ஆனால் ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவளுக்கு ஒப்படைப்பு எழுதி வைக்காமல் ஒரு நர்ஸ் வார்டை விட்டு இறங்கக் கூடாது. சண்டை போட்டுக்கொண்டு போனாலும், அழுதுகொண்டு போனாலும், எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அதைத் தவறவிட்டதில்லை. எட்டுக் கொக்கிகளையும் ஒரு பொட்டலமாகக் கட்டினேன். கூட வைக்க ஒரு தாள் எழுதினேன்.

"அன்புள்ள பவுனு, சுவர் இரும்பு. இந்தக் கொக்கிகள் ஒட்டும். இரண்டைக் கதவருகே மாட்டி, நோயாளியின் துணியை அதில் போடு. உருளாத தம்ளர் ஒன்று வாங்கிக்கொள். அந்த அம்மாளுக்கு இடது பக்கம் உணர்ச்சி இல்லை, அதனால் வெந்நீரை எப்போதும் உன் கையில் ஊற்றிப் பார். ட்யூட்டி நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறு. குடும்பத்தில் ஒருத்தி மாதிரி என்று சொல்வார்கள். நம்பாதே.

பாத்ரூம் கதவுப் பக்கம் இருக்கிறது. ஆகவே நோயாளிக்குக் கதவுப் பக்கக் கட்டில். இது நர்சிங் முறை, யாரும் மறுக்க முடியாது. ஜன்னல் பக்கக் கட்டில் உன்னுடையது. திரை போட்டிருக்கும், விலக்கி வை. யார் வந்து கேட்டாலும் அந்தக் கட்டிலைக் கொடுக்காதே."