காற்றுப் படாத நூறு நாள்

சீனாவில் எங்கள் ஷான்ஷி மாகாணத்தில் பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக்கூடாது. தலைக்குக் குளிக்கக்கூடாது. அழவும் கூடாது, அழுதால் கண் கெட்டுவிடுமாம். எனக்குக் குறைமாசப் பிரசவம், அதுவும் வயிற்றைக் கிழித்து எடுத்தது. அதனால் நூறு நாள் தண்டனை. என் வீட்டுக்காரரின் அக்கா குய்ஷியாங் ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டினாள், என் தலையில் துணித் தொப்பி மாட்டினாள், வேளாவேளைக்குத் தினைக் கஞ்சி ஊற்றினாள். என் மகள் தாவ்தாவ் தாய்யுவான் நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நான் இந்தப் பெட்டிக்குள்.

"குழந்தை எப்படி?" என்று கேட்டால், "ஜம்முனு இருக்கா" என்பார் வீட்டுக்காரர் ஜியான்டிங், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஒருநாள் என் போனே அடித்தது. தாவ்தாவைப் பார்க்கிற கண் டாக்டர் சியாவ் பேசினார்.

"என்னம்மா, ஆபரேஷனுக்கு இன்னும் யோசனையா? குறைமாசக் குழந்தைக்கு வர்ற கண் நோய், லேசர் வச்சும் நிக்கல. ரெண்டு கண்ணுலயும் விழித்திரை கழண்டுக்கிட்டே போகுது. உங்க வீட்டுக்காரர்கிட்ட போன வாரமே சொன்னேனே!"

"எங்கிட்ட யாரும் சொல்லல டாக்டர்."

"இன்னிக்கே வாங்க" என்றார்.

செருப்பைத் தேடி மாட்டினேன். குய்ஷியாங் வாசலை மறித்து நின்றாள்.

"நீ அழுது கண்ணைக் கெடுத்துக்குவேன்னுதான் சொல்லல. நூறு நாள் முடியட்டும்னு..."

"என் கண்ணுக்காக என் பிள்ளை கண்ணைக் காவு குடுப்பீங்களா அண்ணி?"

"அது உள்ளங்கை அளவு இருக்கு. மயக்க மருந்து தாங்குமா? செத்துப்போனா?"

"பெத்தவ நான். அதை நான் முடிவு பண்றேன்."

"வெளியில பனிக்காத்துடி! ஆயுசுக்கும் தலைவலி பிடிச்சுக்கும்!"

"பிடிக்கட்டும். தள்ளுங்க."

அவள் தள்ளவில்லை. நான்தான் தள்ளினேன். தொப்பியைக் கழற்றி அவள் கையில் திணித்தேன். ஜியான்டிங் காரை எடுத்தார். வழி நெடுக ஜன்னல் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தேன். அழுகை வந்தபோதெல்லாம் நன்றாக அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். "இடது கண் தப்பிச்சிடும்னு நம்புறேன். வலது கண்... போன வாரம் வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்." ஜியான்டிங்கை அந்த வராந்தாவே கேட்கும்படி ஏசினேன். அதற்கு இன்றுவரை வெட்கப்படவில்லை.

தாவ்தாவ் வீட்டுக்கு வந்த பிறகும் குய்ஷியாங் தொட்டில் பக்கமே அண்டவில்லை. சில மாதம் கழித்து ஒருநாள் மெல்ல வந்து குனிந்தாள். குழந்தையின் இடது கண் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டது. அவள் நகர்ந்தாள், கண்ணும் கூடவே நகர்ந்தது.

"என்னையே பாக்குறாடி" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள்.

நான் விடவில்லை. குழந்தையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"நல்லா பாரு தாவ்தாவ். இவங்கதான் உன் அத்தை."