இருபத்தொன்பதாம் தேதி உபயம்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் இருக்கும் சந்திரம்மாள் குழந்தைகள் இல்லத்துக்குப் போன வருஷம் முந்நூற்று நாற்பத்தொன்பது நாட்கள்தான் வந்தன. மிச்ச நாட்களுக்கு உபயதாரர் அமையவில்லை, அதனால் அவை வரவில்லை. இல்லத்தை ஆரம்பித்த சந்திரம்மாள், சோறில்லாத நாள் என் பிள்ளைகளுக்கு விடியவே கூடாது என்று காவிரியில் நின்று வேண்டிக்கொண்டவர். கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? பதினாறாம் தேதி ராத்திரி படுத்த நாற்பத்திரண்டு பிள்ளைகளும் பதினெட்டாம் தேதி காலையில் எழுந்து பல் தேய்ப்பார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கிற யாருக்கும், எங்கே போய்ப் படுத்தாலும் இப்படித்தான். "நேத்து வந்தேன், கேட்டே இல்லைங்க, வெறும் மதில்தான் இருந்துச்சு" என்பார் பால்காரர் சுடலைமுத்து. அந்தப் பாலுக்குக் காசு வாங்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் லீவு என்று போட்டுக்கொண்டார்கள்.

பிறந்தநாள், கல்யாண நாள், பெற்றவர்களின் திதி என்று ஆளுக்கொரு நாளை எடுத்துக்கொண்டு சாப்பாடு போடுகிறவர்களால்தான் இல்லம் நடக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் பணம் கட்டினால் பத்து மணிக்கே இருட்டிவிடும். மதியம் மட்டும் என்றால் பதினொன்றுக்கு விடிந்து மூன்றுக்கு அடையும். வைகுண்ட ஏகாதசிக்கும் ஆடிப்பெருக்குக்கும் நான் முந்தி நீ முந்தி என்று வருவார்கள். அன்றைக்குப் பொழுது சாயவே சாயாது, பிள்ளைகள் ஆடி அலுத்துப்போய் எப்ப இருட்டும் என்று கேட்பார்கள். ஆடியின் மற்ற நாட்கள்தான் தலைவலி. ஆடியில் எவர் கல்யாணம் செய்கிறார், கல்யாண நாள் வருவதற்கு? கொரோனா வருஷத்தில் ஏப்ரலில் படுத்தவர்கள் ஜூனில் எழுந்தார்கள். முகக்கவசத்தோடு வந்த சுடலைமுத்துவைப் பார்த்துச் சின்னதுகள் அலறிவிட்டன.

காலியான நாளுக்கு ஆள் பிடிப்பது வார்டன் அனுசுயாவின் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாகப் போனும் கையுமாக இருப்பவர். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜூலை இருபத்தொன்பதாம் தேதி, திருவானைக்காவல் பஸ் நிறுத்தத்தில் துண்டில் சுற்றிக் கிடந்த பெண் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்குச் சாப்பாடு போட வந்திருந்த உத்தர வீதி அரவிந்தவல்லி மாமி ஹம்ஸா என்று பெயர் வைத்தார். கிடைத்த தேதியே பிறந்த தேதியானது. அது முதல் அந்த ஒரு தேதி காலியாகாமல் அனுசுயா பார்த்துக்கொண்டார். பிள்ளைக்கு ஒரு வயசு ஏற வேண்டாமா?

பதினெட்டு முடிந்தால் இல்லத்தில் இருக்கக் கூடாது என்பது சட்டம். அப்படிப் போன பெண்களில் இரண்டு பேருடைய நம்பர்கள் இப்போது உபயோகத்தில் இல்லை. அனுசுயாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது, வேறொன்றுமில்லை. ஹம்ஸாவுக்குப் பதினெட்டு ஆக வேண்டிய வருஷம் முதல் முறையாக அந்தத் தேதிக்கு அவர் யாருக்கும் போன் போடவில்லை. இருபத்தெட்டில் படுத்து முப்பதில் எழுந்தார்கள். பிறந்தநாளே வராத பெண்ணுக்கு வயது எப்படி ஏறும் என்று குழந்தைகள் நல ஆபீஸில் இரண்டு நாள் யோசித்துவிட்டு, 'பதினேழு, தொடர்கிறது' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷமும் அதே கதை.

ஹம்ஸா ஐடிஐயில் வெல்டிங் முடித்திருந்தாள். துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் பிரவீன்ராஜ் அவள் போட்ட ஜாயின்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, பதினெட்டு முடிந்த அன்றே வாங்க என்று சொல்லியிருந்தார். மூன்றாவது வருஷம், "இன்னுமாம்மா பதினேழு? இந்த ஆடியோட சரி, அப்புறம் வேற ஆள்தான் போடணும்" என்றார்.

அந்த ஜூன் மாதம் ரிட்டயர்டு வாத்தியார் தேசிகன் இல்லத்துக்கு வந்தார். உபயதாரர் பெயர்களை போர்டில் எழுதுவது ஹம்ஸாவின் வேலை. சாக்பீஸோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பாவோட திதி இந்த வருஷம் ஜூலை இருபத்தொன்பதுல வரது. மூணு வேளையும் நம்மாத்து உபயம்னு எழுதிக்கோங்கோ."

"அன்னைக்கு நிரம்பிடுச்சுங்க மாமா" என்றார் அனுசுயா. "முப்பதாம் தேதி போட்டுக்கலாமா?"

"திதியை நான் எப்படிம்மா நகத்தறது? சரி, பெருமாள் திருவுள்ளம்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போர்டில் இருபத்தொன்பது வெறுமனே இருந்தது. ஹம்ஸா அதையும் பார்த்தாள், அனுசுயாவையும் பார்த்தாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அன்று மதியம் அனுசுயாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஹம்ஸா நோட்டுகளை மடித்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்கு வந்தாள்.

"ஒரு ரசீது போடுங்க வார்டன்மா. ஜூலை இருபத்தொன்பது, காலைச் சாப்பாடு."

"யார் பேருக்கு?"

"ஹம்ஸா."

"உனக்கு ஏதுடி இவ்வளவு காசு?"

"ஐடிஐல குடுத்த உதவித்தொகை. ஒரு வேளைக்குத்தான் வருது."

"பத்து மணிக்கே இருட்டிடுமே கண்ணு."

"பதினெட்டாக அது போதும்."

"என்னை விட்டுட்டுப் போக அவ்வளவு அவசரமா?"

"மூணு வருஷமா பதினேழாவே இருக்கேன் வார்டன்மா. அலுத்துப்போச்சு. உங்க மேல கோவமாவும் இருக்கு. பசங்க முன்னாடி சொல்ல வேணாம்னுதான் நேத்து வாயைத் திறக்கலை."

அனுசுயா ரசீது எழுதினார். தேதியைத் தப்பாகப் போட்டு அடித்து எழுத வேண்டியிருந்தது.

ஜூலை இருபத்தொன்பது மற்ற நாட்களைப் போலவே விடிந்தது. இட்லி, சாம்பார், கேசரி. சாப்பிடும் முன் உபயதாரருக்காக வேண்டிக்கொள்வது இல்லத்து வழக்கம். ஆயிரக்கணக்கான முறை அந்த வரிசையில் நின்றவள் அன்று கரண்டியோடு எதிரே நின்றாள். ஹம்ஸா அக்காவும் அவர் குடும்பத்தாரும் நீடூழி வாழ வேண்டும் என்று நாற்பத்தொரு பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். தங்களுக்கே வேண்டிக்கொள்கிறோம் என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை, கேசரி ஆறிக்கொண்டிருந்தது.

இருட்டுவதற்குள் பஸ் பிடிக்கலாம் என்று ஹம்ஸா பையோடு வாசலில் நின்றாள். பத்தடித்தது. பத்தரையும் ஆனது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இதென்ன கூத்து என்று போர்டைப் போய்ப் பார்த்தாள். அவள் பெயருக்குக் கீழே அனுசுயாவின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது. மதியம், இரவு: அனுசுயா. விசேஷம்: மகள் பிறந்தநாள்.

ஹம்ஸா பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வெங்காயம் உரித்தபடி இரண்டு பேரும் ஒரு பாட்டம் அழுதார்கள். இரண்டு உபயதாரர் இருந்த நாள் என்பதால் பொழுது எட்டு மணிக்குமேல்தான் சாய்ந்தது. முப்பதாம் தேதி காலை அவள் துவாக்குடிக்குப் போனாள். அனுசுயா தேசிகனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

இருபத்தொன்பதாம் தேதி இப்போது வருஷா வருஷம் ஹம்ஸாவின் பெயரில்தான். இன்னும் யாரும் அமையாத நாட்களில் ஜூலை இருபத்திரண்டும் ஒன்று. பதிவேட்டில் இப்போது பெயர் இல்லாததால் அந்த நாள் ஹம்ஸாவுக்கு வருகிறது. இருபத்து மூன்றாம் தேதி காலையில் முதல் போன் அவளுடையதுதான். "நேத்து பெரிசா ஒண்ணுமில்லை வார்டன்மா. சாயங்காலம் மலைக்கோட்டைப் பக்கம் தூறல். தக்காளி விலை இறங்கிடுச்சு." அனுசுயா அதைக் கேட்டு, போர்டில் இருபத்திரண்டுக்கு நேராக எழுதிக்கொள்கிறார்.