முத்தம்மா கேட்ட நாள்கூலி

ஐந்து மணிக்கு எழுகிறேன். கிணற்றில் இறைத்து மாடித் தொட்டியை நிரப்புகிறேன். வெந்நீர் அடுப்பை மூட்டுகிறேன். ஏழு மணிக்கு முத்தம்மா வந்து அழுக்கு விரிப்புகளை எடுத்துப்போகிறாள். அன்றைய கூலியை மேசைமேல் வைக்கிறேன். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பிறகு கோட்டு போட்டுக்கொண்டு மேனேஜர் நாற்காலியில் உட்காருகிறேன்.

சாந்தோமில் கடலைப் பார்த்த பன்னிரண்டு அறை விடுதி. உலகச் சண்டைக்கு முன் கப்பலில் வரும் வெள்ளைக்காரப் பயணிகள் தங்குவார்கள். அவர்கள் புறப்படும்போது வேலையாட்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். கையில் விழும் இனாம்தான் அவர்களுக்குப் பாதி வருமானம். அதை நம்பியே சம்பளத்தைக் குறைவாக வைத்திருந்தேன். நாற்பத்து மூன்றில் அந்தப் பயணிகள் இல்லை. சர்க்கார் செலவில் பட்டாள அதிகாரிகள் வந்தார்கள். வரிசையைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. மீனம்பாக்கத்தில் விமான மைதான வேலைக்கு நாள்கூலியும் அரிசியும் கொடுத்தார்கள். சமையற்காரர் லூர்துசாமி முதலில் போனார். அறை கூட்டுகிறவர்கள் போனார்கள். கடைசியாகத் துணி வெளுக்கும் முத்தம்மா வந்து நின்றாள்.

"நாள்கூலி குடு சார். நான் இங்கியே கீறேன்."

"கப்பல் திரும்ப வரும், முத்தம்மா. இனாம் கிடைக்கும்."

"அது வர்ற வரிக்கும் வரிசைல நின்னுகினு இருந்தா வயிறு ரொம்புமா? நீ ஒரு நாளு கோட்டைக் கயட்டிட்டு நின்னு பாரு சார்."

பக்கத்தில் இருந்த என் மனைவி மர்சலின் சிரித்துவிட்டாள். முத்தம்மா போனதும், "கேட்டதைக் குடுத்துடுங்க. அவங்களும் சாப்பிடணுமே" என்றாள்.

முடிவு செய்ய வேண்டியவன் நான்தான். பொருளாதாரத்தில் பி.ஏ. படித்தவன். சண்டைக்காலக் கூலியை ஒருமுறை ஏற்றினால் பிறகு இறக்க முடியாது என்று அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

முத்தம்மாவும் மீனம்பாக்கம் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. மர்சலினே துணி வெளுக்க இறங்கினாள். அக்டோபர் மழை. இரண்டு வாரம்தான் என்றேன். ஏழு வாரம் ஆயிற்று. ஈர விரிப்புகளைச் சுமந்து மாடிக்கும் கீழுக்கும் நடந்தாள். இருமினாள். பிறகு மார்ச்சளிக் காய்ச்சல்.

நான் மீனம்பாக்கம் போனேன். முத்தம்மா கேட்டதற்கு மேலேயே தருவதாகச் சொன்னேன். கூலியைப் பற்றி அவள் பேசவில்லை. "அம்மாவுக்கு இன்னா?" என்று கேட்டுக்கொண்டே என்னுடன் வந்தாள்.

மர்சலின் கடைசியாகக் கண் திறந்தபோது கட்டிலின் இரு பக்கமும் நாங்கள் இருந்தோம். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஏழாம் ரூம் விரிப்பு இன்னும் காயல, முத்தம்மா."