முந்நூறு ரூபாய் இதயம்

தி. நகரில் ஒரு நல்ல இதயத்தின் விலை முந்நூறு ரூபாய். தெரிந்தவர் என்றால் இருநூற்றைம்பதுக்கும் முடியும். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் அதிலேயே அடக்கம். இதே பாண்டி பஜாரில் நூற்றிருபது ரூபாய் பனியனை வெளிச்சத்தில் பிடித்து, இழுத்து, தையலைப் பார்த்து, சாயம் போகுமா என்று இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்குகிறோம். இதயத்தை மட்டும் யாரும் திருப்பிப் பார்த்து வாங்கியதாகத் தெரியவில்லை.

பவுல்சாமியும் பார்க்கவில்லை.

அவர் உட்கார்ந்திருந்தது ஒரு சந்துக்குள் இருந்த ஜெராக்ஸ் கடை. கடைக்காரன் தமிழ்மாறன் அவருடைய பழைய மாணவன். மின் கட்டணம், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் மேசைக்கு மேலே நடக்கும். மேசைக்குக் கீழே ஒரு செருப்பு டப்பா. அதற்குள் டாக்டர் ஒருவர் முன்கூட்டியே கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்த தாள்கள். மாதம் ஒருமுறை வந்து ஐம்பது தாளில் கையெழுத்திட்டுப் போவார். நோயாளியைப் பார்க்காமலேயே குணமாக்கும் கைராசிக்காரர்.

"இது சாதாரண ஃபார்ம் இல்லடா," என்றார் பவுல்சாமி. "ட்ரெட்மில்ல ஓடவிட்டு இதயத்தைப் பார்த்தேன்னு டாக்டர் எழுதணும்."

"எய்திட்டா போச்சு சார். எத்தினி நிமிஷம் ஓடினீங்கன்னு போட? பத்து?"

"ஒன்பது போடு. பத்துன்னா நம்ப மாட்டாங்க."

தமிழ்மாறன் ஒன்பது போட்டான். முந்நூறு என்றான், சார் முகத்தைப் பார்த்து இருநூற்றைம்பது வாங்கிக்கொண்டான். "எல்லாம் உங்ககிட்ட கத்துக்கினதுதான் சார்," என்று கும்பிட்டான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்துப் பவுல்சாமி சிரித்தார்.

பவுல்சாமி முப்பத்தொரு வருடம் சரித்திர ஆசிரியர். பெரு நாட்டின் மலைகளுக்கு நடுவே இருக்கும் இன்கா நகரத்தின் இடிபாடுகள் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தை ஒரு முழு பீரியட் நடத்துவார், மணியடித்த பிறகும் விடமாட்டார். அவர் ஓய்வு பெற்ற அன்று மகள் ரெனிட்டா ஒரு உறையை நீட்டினாள். வழிகாட்டியோடு நான்கு நாள், பழைய கல் பாதையில் நடந்து அந்த நகரத்துக்குப் போகும் பயணம். பணம் கட்டியாகிவிட்டது. அனுமதிச் சீட்டும் பாஸ்போர்ட் எண்ணோடு அவர் பேருக்கு வந்துவிட்டது. வேறு பேருக்கு மாற்ற முடியாது. பாக்கி இருந்தது, இதயம் நன்றாக இருக்கிறது என்று பயண அலுவலகம் கேட்ட டாக்டர் சர்டிஃபிகேட் ஒன்றுதான்.

சென்னையில் மலை ஏறிப் பழக மலை ஏது? பத்து கிலோ அரிசியைப் பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் மேல்பாலத்தில் ஏறி இறங்கினார். கீழே காய்கறி விற்கிறவர்கள், "இன்னா சார், அரிசி விலையாட்டம் நீயும் ஏறிக்கினே கீற?" என்று கிண்டல் செய்தார்கள். போன மாதம் அப்படி ஏறும்போது நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அமுக்கினாற்போல் இருந்தது. நின்றார், போய்விட்டது. அடுத்த வாரம் மறுபடியும். வாயு என்று தமக்குத் தாமே ஒரு சர்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டார். அது இலவசம்.

மெஷினில் ஏறினால் மெஷின் உண்மையைச் சொல்லிவிடும். முப்பத்தொரு வருட ஆசையை ஒரு மெஷினிடம் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் செருப்பு டப்பா.

தேனாம்பேட்டை வீட்டில் மனைவி நோரா காத்திருந்தார். அதே பள்ளியில் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், எந்த வரியில் பொய் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே மோப்பம் பிடிப்பவர்.

"ட்ரெட்மில்லயா ஓடினீங்க?"

"ஆமா. ஒன்பது நிமிஷம்."

"இந்தச் செருப்போடயா?"

"அங்க ஷூ குடுத்தாங்க."

"சட்டை மடிப்புகூட கலையலையே. வேர்வையையும் அவங்களே துடைச்சு விட்டாங்களோ?"

"ஏசி, நோரா."

"நல்ல ஆஸ்பத்திரிதான்," என்று சொல்லி இட்லித் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார் நோரா. அதற்கு மேல் கேட்கவில்லை. மனைவிமார் கேட்பதை நிறுத்தும் இடத்தில்தான் கணவன்மார் பயப்பட வேண்டும். பவுல்சாமி இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பரங்கிமலைப் படிக்கட்டின் அடியில் பெரு போகும் ஒன்பது பேர் கூடினார்கள். அவர்களை அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர் சந்திரிகாவுக்கு அடையாறில் அலுவலகம், அதிகாரத்துக்குக் குறைவில்லாத குரல். பவுல்சாமிக்கு அந்தப் படிகள் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் இயேசு சிலுவை சுமந்த பாதையை நினைத்து, வழியில் உள்ள பதினாலு ஸ்தலங்களிலும் நின்று நின்று ஏறுவார்கள். அம்மா முழங்காலிடும் இடத்தில் இவர் இரண்டு படி தாவியிருப்பார்.

"இன்னிக்கு ஏறிப் பழகறதுக்கு வரல," என்றார் சந்திரிகா. "தூக்கிப் பழகறதுக்கு வந்திருக்கோம். அங்க நடுவழியில ஒருத்தர் விழுந்தா ஆம்புலன்ஸ் வராது. சுமை தூக்கறவங்கதான் தோள்ல தூக்கிட்டு வரணும். அது எப்படி இருக்கும்னு உங்க தோளுக்கும் தெரியணும். ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்ல படுங்க, நாலு பேர் தூக்குங்க. எல்லாருக்கும் டர்ன் உண்டு."

தூக்குகிறவர்களில் நிரந்தரமாக ஒருவர் இருந்தார், முருகையன். அடையாற்றங்கரையில் குடியிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். சந்திரிகா உள்ளூர் மலைகளுக்கு ஆட்களை அழைத்துப் போகும்போது சுமை தூக்க வருவார். பெருவுக்கு அவர் வரப்போவதில்லை. அங்கே அந்த ஊர் முருகையன்கள் இருக்கிறார்கள்.

முதலில் பவுல்சாமி படுத்தார். தலைமாட்டில் முருகையன்.

"வெயிட்டு நல்லாத்தான் கீது சார். இன்னா, எம்பதா?"

"எண்பத்து நாலு."

"பரவால்ல, நீ ஜாலியா பட்துக்கினு கீற. மெய்யாலுமே மூச்சு போயி பட்துக்கினு இருந்தா வெயிட்டு டபுளாயிடும்." நாலு படி ஏறிவிட்டு மறுபடியும் பேசினார். "போன வருசம் ஒரு மலைல ஒர்த்தரு வியுந்துட்டாரு சார். டாக்டர் சீட்டுல ஹார்ட்டு சூப்பருன்னு எய்தி கீது. நானும் என் மச்சானும் இன்னும் ரெண்டு பேரும் ஏயு மணி நேரம் தூக்கினு எறங்கினோம். மயை வேற. பாறை வழுக்கி மச்சானுக்கு முட்டி பூட்ச்சு."

"அந்த ஆளு?"

"அவரு நல்லா கீறாரு. ஸ்வீட் பாக்ஸ்கூட அனுப்சாரு. மச்சான்தான் இன்னும் காலை மடக்க முடியாம கீறான். வாட்ச்மேன் வேலைக்குப் போனான். நின்னுக்கினே இருக்கணும்னாங்கோ, அதுவும் பூட்ச்சு."

பவுல்சாமி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சர்டிஃபிகேட்டைக் காலையில் வந்தவுடனேயே சந்திரிகாவிடம் கொடுத்திருந்தார். இருந்தாலும் அது இன்னும் பையிலேயே இருந்து கனப்பதுபோல் இருந்தது.

அடுத்து அவர் தூக்கும் முறை. அசோக் நகர் வங்கி மேலாளர் நஸ்ருன்னிசா படுத்துக்கொண்டார். "சார், என்னைக் கீழ போட்டீங்கன்னா உங்க வீட்ல யாருக்கும் லோன் கிடையாது," என்று சிரித்தார். பின்பக்க மூலைகளில் பவுல்சாமியும் முருகையனும். முதல் ஸ்தலம் தாண்டியது. மூன்றாவது தாண்டியது. ஐந்தாவதில் அந்த முழங்கால் மறுபடியும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

இன்னும் பத்துப் படிதான், சமாளித்துவிடலாம் என்று மனம் பேரம் பேசியது. ஐந்து படிக்குப் பேரம் படிந்தது. ஆறாவதில் கை விட்டது.

ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நஸ்ருன்னிசா "அல்லாஹ்" என்று கத்தினார். முருகையன் தன் முட்டியைப் படியில் ஊன்றி, இரண்டு மூலைகளின் கனத்தையும் ஒருவராகவே வாங்கிக்கொண்டார். கருங்கல்லில் முட்டி மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"எறக்குங்க," என்றார் பவுல்சாமி. படியில் உட்கார்ந்தார். மூச்சு திரும்பும்வரை முருகையனின் முட்டியிலிருந்து ரத்தம் வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மேடம், நான் குடுத்த சர்டிஃபிகேட் பொய். நான் எந்த மெஷின்லயும் ஏறல. முந்நூறுன்னு சொன்னதை இருநூத்தம்பதுக்கு வாங்கினேன்."

சந்திரிகா மற்ற எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "வேற யாராவது?"

ஒரு நிமிடம் எல்லாரும் தங்கள் புது ஷூக்களைப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஸ்ட்ரெச்சரில் இருந்தபடியே நஸ்ருன்னிசா கையைத் தூக்கினார்.

"என்னுது நானூறு. அசோக் நகர்ல ரேட் ஜாஸ்தி."

அவரைப் பார்த்து இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன. முருகையன் கைக்குட்டையால் முட்டியைக் கட்டிக்கொண்டே மூன்று கைகளையும் எண்ணினார். "இன்னா சார் இது? மலையே பொய்மேல தான் நிக்கிதா?"

திங்கட்கிழமை தேனாம்பேட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் பவுல்சாமி நிஜமாகவே ட்ரெட்மில்லில் ஏறினார். நான்காவது நிமிடத்தில் டாக்டர் மெஷினை நிறுத்தினார். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில் ரத்தக்குழாய் ஒன்றில் எண்பது சதவீதம் அடைப்பு. அந்த வாரமே ஸ்டென்ட் வைத்தார்கள். ரெனிட்டா அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். அனுமதிச் சீட்டு வீணானது. மற்றவர்கள் நிஜமான டெஸ்ட் முடித்து விமானம் ஏறிய நாளில், "அந்த ஊர் ஐந்நூறு வருஷமா அங்கேயேதான் கிடக்கு. உங்களுக்காக இன்னொரு வருஷம் கிடக்காதா?" என்றார் நோரா. அதற்கு முன்பே பவுல்சாமி பெரும்பாக்கம் போய் முருகையனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோகவில்லை. இரண்டு வாரக் கூலியையும் கட்டுப் போட்ட செலவையும் கொடுத்துவிட்டு வந்தார்.

தினமும் சமதரையில் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். முதல் நாள் பவுல்சாமியின் கால்கள் அவரைத் தமிழ்மாறன் கடைக்குக் கொண்டுபோய் விட்டன. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார்.

"நீ ஒன்பது நிமிஷம் குடுத்த. என்கிட்ட நாலு நிமிஷம்தான் இருந்துது. மலையில அஞ்சாவது நிமிஷத்துக்கு எவன்டா பொறுப்பு?"

தமிழ்மாறன் முகம் சுருங்கியது. ஆனால் வியாபாரி சும்மா இருப்பானா? "சார், தப்புதான். ஆனா இந்தத் தொழிலே நீங்க கத்துக் குட்த்ததுதானே?"

"நானா?"

"ஒம்போதாங் கிளாஸ்ல ரெண்டு வாரம் வரல நான். அப்பாகூட மூட்டை தூக்கப் போய்க்கினு இருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். நீங்க இன்னா சொன்னீங்க? 'கதை வேணாம், ரெஜிஸ்டருக்குப் பேப்பர் கொண்டா'ன்னீங்க. நாப்பது ரூபா குட்த்து டைஃபாய்டு வாங்கினு வந்தேன். படிக்கக்கூட இல்ல சார் நீங்க, ஃபைல்ல மாட்டிட்டீங்க. அன்னிக்கே தெரிஞ்சிது, இதுல ஒரு வியாபாரம் கீதுன்னு."

அந்தப் பையன் மூட்டை தூக்கினான் என்பது இன்றுதான் பவுல்சாமிக்குத் தெரிகிறது.

அப்போது ஒரு பெண் படியேறி வந்தார். "பையனுக்கு ஸ்கூல்ல மெடிக்கல் கேக்கறாங்க. பத்து நாள் மஞ்சக்காமாலைன்னு ஒண்ணு போட்டுக் குடுப்பா."

"பையனுக்கு உடம்புக்கு என்னம்மா?" என்றார் பவுல்சாமி.

"அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கான். கொழுந்தன் கல்யாணத்துக்குப் போயிருந்தோம்."

"காசு குடுத்து வாங்கற பொய்யை வாங்கினவங்க சுமக்கறதில்லம்மா. வேற யாராவதுதான் சுமப்பாங்க. என் பொய்யை ஒருத்தர் முட்டி சுமந்துது. அதோட, கேக்கறவன் உண்மையைக் கேக்காம பேப்பரைக் கேட்டா, பேப்பர் விக்கறவன் முளைச்சிடுவான். நான் அப்படிக் கேட்டவன்."

"நான் பேப்பர் கேட்டேன், நீங்க பாடம் நடத்தறீங்க," என்று அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருக்கா இல்லையாப்பா?"

தமிழ்மாறன் செருப்பு டப்பாவைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், ரிப்போர்ட்டைப் பார்த்தான். "கல்யாணத்துக்குப் போனோம்னு வெள்ளைத்தாள்ல எய்திக் குடும்மா. அதுக்கு டாக்டர் வேணாம். தாளு நான் தரேன், ரெண்டு ரூபா."

அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ரூபாயை வைத்தார்.

"நாளைக்கு யாராவது கேட்டா?" என்றார் பவுல்சாமி.

"சார், நாளைக்கு நீங்க வர மாட்டீங்க இல்ல?"

"டாக்டர் தினமும் அரைமணி நடக்கச் சொல்லியிருக்கார். என் வீட்லேர்ந்து உன் கடை சரியா அரைமணி."

திரும்பி நடக்கும்போது பவுல்சாமி மனசுக்குள் கணக்குப் போட்டார். வருடத்துக்குக் குறைந்தது நாற்பது மெடிக்கல் சர்டிஃபிகேட். முப்பத்தொரு வருடம். படித்துப் பார்க்காமல் ஃபைலில் மாட்டியவை ஆயிரத்து இருநூற்று நாற்பது. இன்று திருப்பி அனுப்பியது ஒன்று. பாக்கி ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது.